கேளுங்கள், சொல்கிறோம்: போக்கர் சில்லுகள்

பங்குச் சந்தையில் ‘புளூ சிப்’ பங்கு என்கிறார்களே, அது என்ன சிப் என்று சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக மேசைமேல் வைக்கும் வட்ட வில்லைகளிலிருந்து வந்த பெயர் அது என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரி போதவில்லை என்பது பிறகு வந்த கடிதங்களிலிருந்து தெரிந்தது. ஆகவே, இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அந்த வில்லைகளுக்கே ஒதுக்குகிறேன். ‘சிப்’ என்பதைச் ‘சில்லு’ என்றே எழுதப் போகிறேன். பாண்டி ஆடும் பிள்ளைகள் கட்டத்துக்குள் எறியும் ஓட்டுத் துண்டுக்கு நம்மிடம் வழங்கும் அந்தச் சொல் இதற்கும் நன்றாகவே பொருந்துகிறது.

கேள்வி (சிவகாசி வாசகர்): நோட்டும் நாணயமும் இருக்கும்போது, சூதாட்ட விடுதிகளில் தனியாக ஒரு சில்லு எதற்கு?

பதில்: நோட்டையும் நாணயத்தையும் வைத்து ஆடிப் பார்த்துவிட்டுத்தான் சில்லுக்கு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், தங்கம் தேடிப் போனவர்கள் கூடிய ஊர்களில், சீட்டு மேசைமேல் நாணயம் இருக்கும். பொன்துகள் நிறைந்த பை இருக்கும். வெட்டி எடுத்த பொற்கட்டியும் இருக்கும். ஐந்து டாலர் பெறும் என்று ஒருவர் வைத்த கட்டியை, நான்குதான் பெறும் என்று எதிரே இருப்பவர் சொல்லிவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். விடுதிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எலும்பு, தந்தம், மரம், தாள் ஆகியவற்றில் வெட்டிய வில்லைகளைத் தாங்களே வைத்துக்கொண்டு, ஆட வருபவரிடம் பணத்தை வாங்கி வில்லையைக் கொடுத்தார்கள். அவர் எழுந்து போகும்போது வில்லையை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தார்கள்.

எல்லாச் சில்லும் ஒரே அளவு என்பதால் எண்ணுவது மிக எளிது. ஆட்டத்தை நடத்தும் டீலர் இருபது சில்லு கொண்ட ஓர் அடுக்கை நிறுத்தி, பக்கத்தில் இன்னோர் அடுக்கை அதே உயரத்துக்கு வைத்து, இரண்டின் மேல்பரப்பிலும் விரலை ஓட்டினால் போதும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். மேசையைச் சுற்றி இருக்கும் அனைவரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நோட்டுக் கட்டை எண்ணி இவ்வளவு விரைவாக யாரையும் நம்ப வைக்க முடியாது.

விடுதிக்கு மட்டுமே ஆதாயமான இன்னொரு காரணமும் உண்டு. ஐந்நூறு ரூபாய் நோட்டு கையைவிட்டுப் போகும்போது மனத்தில் ஏற்படும் சுருக்கென்ற வலி, வண்ண வில்லை ஒன்றைத் தள்ளிவைக்கும்போது ஏற்படுவதில்லை. விடுதிக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். ஆடுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

நம் கல்யாண வீடுகளில் இரவெல்லாம் ரம்மி ஆடுபவர்கள் புளியங்கொட்டையையும் தீக்குச்சியையும் வைத்துக் கணக்குப் பார்ப்பது இதே முறைதான். ஆனால் புளியங்கொட்டை அடுக்களையில் கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கிறது; எழுந்து போய் ஒரு கைப்பிடி அள்ளி வந்தவரைக் கண்டுபிடிக்க வழியில்லை. அடுக்களையில் கிடைக்காத புளியங்கொட்டையைச் செய்வது எப்படி என்பதுதான் சில்லு செய்பவர்கள் இருநூறு ஆண்டுகளாக விடை தேடிவரும் கேள்வி. கீழே வரும் பதில்கள் பலவும் இதையே சுற்றி வருவதை நீங்கள் பார்க்கலாம்.

கேள்வி (தேவகோட்டை வாசகி): எங்கள் பூர்வீக வீட்டுப் பெட்டியில், பினாங்கில் தொழில் செய்த பெரியவர்கள் கொண்டுவந்த பொருள்களோடு, முத்துச்சிப்பியில் வெட்டிய மெல்லிய தகடுகள் இருபது கிடக்கின்றன. சில வட்டம், சில நீள்சதுரம், எட்டு மட்டும் மீன் வடிவம். ஓரம் முழுவதும் நுண்ணிய கோட்டு வேலைப்பாடு. வரைந்து அனுப்பியிருக்கிறேன். இவை நகையா?

பதில்: நகை அல்ல, அம்மா, இவை ஆட்டச் சில்லுகள். நீங்கள் வரைந்து அனுப்பிய வடிவமும் வேலைப்பாடும் சீனாவின் கேன்டன் நகரத்தில், அதாவது இன்றைய குவாங்சௌவில், 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டிலும் ஆங்கிலேயர்களுக்காகச் செய்து அனுப்பிய சில்லுகளோடு அப்படியே பொருந்துகின்றன. அந்நாளில் தேயிலையும் பீங்கானும் ஏற்றி வந்த கப்பல்களில் இவையும் வந்தன. இங்கிலாந்துச் செல்வர் வீடுகளில் மாலை நேரச் சீட்டாட்டத்துக்கு இத்தகைய சில்லுகளை வைத்துக்கொள்வது வழக்கம். குடும்ப முத்திரையையோ பெயரின் முதலெழுத்துகளையோ பொறித்துத் தரச் சொல்லிக் கேன்டனுக்கு எழுதி வரவழைத்தவர்களும் உண்டு. வட்டத்துக்கு ஒரு மதிப்பு, நீள்சதுரத்துக்கு ஒரு மதிப்பு, மீனுக்கு ஒரு மதிப்பு.

மீன் எப்படி வந்தது என்பது சுவையான செய்தி. பிரெஞ்சு மொழியில் ஆட்டக் கணக்கு வில்லைக்கு ‘ஃபிஷ்’ என்று ஒலிக்கும் சொல் உண்டு. அது ஆங்கிலக் காதில் மீன் என்று விழுந்ததால் வில்லையே மீனாகிவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பிரெஞ்சில் வழங்கும் மற்றொரு சொல்லான ‘ஜெத்தோன்’, வீசுதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது. ஐரோப்பிய வணிகர்கள் கணக்குப் பலகையில் காசு போன்ற வில்லைகளைப் போட்டுக் கூட்டிக் கழித்த காலத்துச் சொல் அது. ஐரோப்பியக் கசினோக்களில் இன்றும் சில்லுக்கு அந்தப் பெயர்தான்.

தகடுகளைச் சோப்பு நீரில் ஊறப் போடாதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, பஞ்சுத் துணிக்கு நடுவே ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்றோடொன்று உரசினால் கோடுகள் தேய்ந்துவிடும்.

கேள்வி (கோவை வாசகர்): பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறேன். ‘களிமண் சில்லு’ என்று விளம்பரம் செய்கிறார்களே, களிமண்ணில் செய்த பொருள் இவ்வளவு அடி தாங்குமா? கசினோக்களுக்குப் போகும் சில்லை எப்படித்தான் செய்கிறார்கள்?

பதில்: தொழில் தெரிந்தவர் கேட்கிறீர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வெறும் களிமண்ணில் செய்த சில்லு எந்தக் கசினோ மேசையிலும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் களிமண்ணோடு அரக்கைச் சேர்த்துச் சூடாக்கி அழுத்திச் செய்யும் முறை பரவியது. அரக்கு என்றால் பழைய இசைத்தட்டுகளில் இருந்த அதே அரக்குதான். அந்நாளில் உலகச் சந்தைக்கு அதைப் பெருமளவில் அனுப்பியது இந்தியா. இன்று அரக்கின் இடத்தில் வேறு பிசின்கள் இருக்கின்றன. களிமண், சுண்ணப்பொடி, மணல் போன்ற கனிமப் பொடிகளும் நிறமும் அந்தப் பிசினும் சேர்ந்த கலவைக்குத்தான் ‘களிமண்’ என்னும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எது எத்தனை பங்கு என்பதை ஒவ்வொரு தொழிற்சாலையும் வெளியில் விடாமல் காக்கிறது.

கலவையைப் பிசைந்து தகடாக இழுத்து, அதிலிருந்து வட்டங்களை வெட்டி எடுப்பது முதல் வேலை. அடுத்து வருவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. சில்லின் விளிம்பில் வேறு நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரியும் பகுதிகளைப் பார்த்திருப்பீர்கள். பலரும் அது பூசிய வண்ணம் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. சிவப்பு வட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டை அச்சால் வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளைத் தகட்டிலிருந்து அதே அளவில் வெட்டிய துண்டை அந்தப் பள்ளத்தில் கையால் பொருத்துகிறார்கள். நான்கு பட்டை என்றால் நான்கு முறை. ஒரு பட்டைக்குள்ளேயே மூன்று நிறம் என்றால் பொருத்த வேண்டிய துண்டும் அதற்கேற்பக் கூடும். இந்த நிலையில் அந்த வட்டத்தைத் தூக்கினால் துண்டுகள் உதிர்ந்துவிடும். இருபுறமும் நடுவில், படமும் மதிப்பும் அச்சிட்டு மேலே தெளிந்த படலம் ஒட்டிய வட்டத் தாளை வைத்து, எல்லாவற்றையும் எஃகு அச்சுக்குள் இட்டு அழுத்துகிறார்கள். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அளவு மாறினாலும், வெப்பம் 150 டிகிரி செல்சியஸ் அளவுக்கும், அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 10,000 பவுண்டு வரைக்கும் போவதுண்டு. அச்சிலிருந்து வெளியே வரும்போது சிவப்பும் வெள்ளையும் ஒரே உடலாகியிருக்கும். எத்தனை ஆண்டு தேய்ந்தாலும் பட்டை அழியாது, ஏனென்றால் அது சில்லின் முழுக் கனத்துக்கும் ஊடே போகிறது.

அச்சின் ஓரத்தில் செதுக்கியிருக்கும் வடிவம் சில்லின் முகத்தில் விளிம்பை ஒட்டி வட்டமாகப் பதியும். தொப்பியும் கைத்தடியும் மாறி மாறி வருவது பால்சன் நிறுவனத்தின் அடையாளம். சில்லு சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். கடைசியாக, அழுத்தும்போது ஓரத்தில் பிதுங்கிய பிசிறைக் கடைசல் எந்திரத்தில் சீவி எடுக்கிறார்கள். புதுச் சில்லின் விளிம்பு விரலில் சுருக்கென்று படுவதும், பழகப் பழக அது மழுங்குவதும் இதனால்தான். பல ஆயிரம் கைகள் தொட்ட சில்லொன்று என்னிடம் இருக்கிறது. அதன் விளிம்பு ஆற்றுக் கூழாங்கல்போல் உருண்டிருக்கிறது.

பால் எண்டி என்பவர் 1963இல் லாஸ் வேகாஸில் தொடங்கியது பால்சன் நிறுவனம். அதன் சில்லுகள் மெக்சிகோவில் உள்ள தொழிற்சாலையில் செய்யப்பட்டன. பிரான்சின் போன் நகரத்தில் 1923இல் தொடங்கிய ‘பூர்கோன் எ கிராசே’ நிறுவனமும் அதுவும் 2002இல் ஒன்றாக இணைந்தன. 2019இல் ஜப்பானின் ஏஞ்சல் நிறுவனம் அந்த இணைந்த நிறுவனத்தை வாங்கியது.

உங்கள் பட்டறையில் நடக்கும் ஊசி வார்ப்பு முறையிலும் சில்லு செய்கிறார்கள். அதில் பட்டைகளைப் பல நிறப் பிளாஸ்டிக்கை அடுத்தடுத்துச் செலுத்தி உருவாக்குகிறார்கள். ‘செராமிக் சில்லு’ என்பது மூன்றாவது வகை, 1980களில் வந்தது. பெயரைப் பார்த்துப் பீங்கான் என்று நினைத்துவிட வேண்டாம், அது கெட்டியான வெள்ளைப் பிசின் வட்டம்தான். படத்தை முதலில் தாளில் அச்சிட்டு, தாளைச் சில்லின்மேல் வைத்துச் சூடேற்றினால், நிறம் ஆவியாகிப் பிசினுக்குள் இறங்கிவிடுகிறது. முகம் முழுவதும், விளிம்பிலும்கூட, நுண்ணிய படம் அச்சிட முடிவது இதன் சிறப்பு.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): இணையத்தில் 500 சில்லுள்ள பெட்டி வாங்கினேன். ஒவ்வொன்றும் 11.5 கிராம், ‘கசினோ எடை’ என்று போட்டிருந்தது. உண்மையா?

பதில்: இல்லை. கசினோக்களில் புழங்கும் அழுத்து வார்ப்புச் சில்லு 39 மில்லிமீட்டர் விட்டமும் எட்டரை முதல் பத்து கிராம் வரை எடையும் கொண்டது. உங்களுடையது அதைவிடக் கனமானது. அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் தெரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட ஒரு சில்லை வைஸில் பிடித்து, இரும்பறுக்கும் ரம்பத்தால் நான் குறுக்காக அறுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் தோல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே மங்கிய இரும்பு வட்டம் ஒன்று பனங்கொட்டைபோல் உட்கார்ந்திருந்தது. கனமாக இருந்தால் தரமாக இருக்கும் என்று வாங்குபவர் நம்புவதால் இப்படிச் செய்கிறார்கள். வீட்டில் ஆட அது போதும். ஏமாந்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம். கசினோச் சில்லை மேசைமேல் போட்டால் மந்தமான, மட்டுப்பட்ட ஓசை எழும்; இரும்பு வைத்த சில்லு கணீரென்று ஒலிக்கும். எடையைவிட இந்த ஓசை நல்ல அடையாளம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): எந்த நிறம் எவ்வளவு மதிப்பு? புளூ சிப் என்பது இதிலிருந்து எப்படி வந்தது?

பதில்: அமெரிக்காவில் பரவலான வழக்கம் இது: வெள்ளை 1 டாலர், சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100, ஊதா 500. சில இடங்களில் ஒரு டாலருக்கு நீலம் வைத்திருப்பார்கள். இரண்டரை டாலருக்கு இளஞ்சிவப்பு என்று ஒன்று இருப்பதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பிளாக்ஜாக் ஆட்டத்தில் முதல் இரண்டு சீட்டிலேயே வெல்பவருக்கு இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் கொடுக்க வேண்டும்; ஐந்து டாலர் கட்டியவருக்கு ஏழரை டாலர் ஆகிறது. ஐந்துக்கு மேல் வரும் அந்த இரண்டரையைக் கொடுக்க வந்த சில்லு அது.

பழைய வீட்டுப் பெட்டிகளில் வெள்ளை, சிவப்பு, நீலம் என மூன்றே நிறம் இருந்தன; அவற்றில் மதிப்பு மிகுந்தது நீலம். பங்குச் சந்தைச் செய்திகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டோ ஜோன்ஸில் பணியாற்றிய ஆலிவர் கிங்கோல்ட், 1923 அளவில், ஒரு பங்கு 200 டாலருக்கு மேல் விற்ற நிறுவனங்களைக் குறிக்க அந்தப் பெயரை எடுத்தாண்டார் என்பது வழங்கிவரும் செய்தி. நம் ஊர்த் தரகர்கள் இன்று அதை ‘உறுதியான பங்கு’ என்ற பொருளில் சொல்கிறார்கள். தொடக்கத்தில் அது விலை உயர்ந்த பங்கு என்பதை மட்டுமே குறித்தது.

நிறத்தைவிட விளிம்புப் பட்டைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூரையில் இருக்கும் கண்காணிப்புக் கேமராவுக்குச் சில்லின் முகத்தில் எழுதியிருக்கும் எண் தெரியாது. அடுக்கின் பக்கவாட்டுத்தான் தெரியும். இருபது பச்சைச் சில்லு கொண்ட அடுக்கின் நடுவே ஒரு கறுப்பு நுழைந்திருந்தால், பட்டைகளின் ஒழுங்கு அந்த இடத்தில் முறிந்து கண்ணில் பட்டுவிடும். முன்பு சொன்ன கையால் பொருத்தும் வேலை இத்தனையும் அந்த ஒரு பார்வைக்காகத்தான்.

கேள்வி (மதுரை வாசகர்): தொலைக்காட்சியில் போக்கர் போட்டி பார்த்தேன். ஒருவர் முன்னால் பத்து லட்சம், இருபது லட்சம் என்று சில்லு இருக்கிறது. அவ்வளவும் டாலரா? நடுவில் சிறிய சில்லுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களே, அது ஏன்?

பதில்: டாலர் இல்லை. பண ஆட்டத்தில் ஒரு சில்லைக் காசாளரிடம் கொடுத்தால் அதில் எழுதிய தொகை கிடைக்கும். போட்டிச் சில்லுக்கு அப்படி எந்த மதிப்பும் கிடையாது. அது மதிப்பெண் மாதிரி. லாஸ் வேகாஸில் நடக்கும் ‘வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்’ முதன்மைப் போட்டியில் 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கட்டுபவருக்கு 60,000 என்று எண்ணிட்ட சில்லுகளைக் கொடுக்கிறார்கள். 2024இல் 10,112 பேர் ஆடினார்கள். ஆக, மேசைகளில் இருந்த மொத்தம் 60 கோடியே 67 லட்சத்து 20 ஆயிரம். சில்லெல்லாம் தீர்ந்தவர் வெளியேற வேண்டும் என்பதால், இறுதியில் இந்த மொத்தமும் ஒரே மனிதர் முன்னால் வந்து சேர்கிறது. அவருக்குக் கிடைத்த பரிசோ 1 கோடி டாலர்.

சிறிய சில்லுகளை எடுத்ததற்குக் காரணம் சொல்கிறேன். போட்டியில் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை நேரம் ஆக ஆக உயரும். 100க்குக் குறைந்த தொகையே ஆட்டத்தில் வராத நிலை வந்ததும், 25 என்று எண்ணிட்ட சில்லுகளால் பயனில்லை, எடுத்துவிட வேண்டும். நான்கு 25க்கு ஒரு 100 என்று மாற்றிக் கொடுத்த பிறகும் மூன்று பேரிடம் இரண்டு, இரண்டு, ஒன்று என்றும், ஒருவரிடம் மூன்று என்றும் மிச்சம் நிற்கும். மொத்தம் எட்டுச் சில்லு, அதாவது 200. இரண்டு 100 சில்லுகளுக்குச் சமம். அந்த இரண்டை யாருக்குக் கொடுப்பது? மிச்சச் சில்லு ஒன்றுக்கு ஒரு சீட்டு என்று முகம் தெரிய வழங்குகிறார்கள். மூன்று வைத்திருப்பவருக்கு மூன்று சீட்டு, ஒன்று வைத்திருப்பவருக்கு ஒரு சீட்டு. மிக உயர்ந்த சீட்டு விழுந்தவருக்கு ஒரு 100, அடுத்தவருக்கு மற்றொன்று. ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. இரண்டு பேருக்கு ஒரே சீட்டு வந்தால் ஸ்பேடு, ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர் என்ற வரிசையில் முடிவு செய்வார்கள். இதிலே தோற்றதால் ஒருவர் போட்டியைவிட்டே வெளியேற நேரக் கூடாது என்பதும் விதி. கடைசிச் சில்லையும் இழந்தவருக்கு ஒரு 100 கொடுத்து உட்கார வைப்பார்கள். அந்தக் கருணை எனக்கு மிகவும் பிடித்த விதி.

அதற்குப் பொருள் உண்டு என்பதை 1982ஆம் ஆண்டு இதே போட்டியில் வென்ற ஜாக் ஸ்ட்ராஸின் கதை காட்டுகிறது. எல்லாவற்றையும் தோற்றுவிட்டதாக எண்ணி எழுந்தவர், மேசையில் கிடந்த கைத்துடைப்புத் தாளின் கீழ் ஒரே ஒரு சில்லு மிஞ்சியிருப்பதைக் கண்டார் என்றும், ‘எல்லாம் கட்டுகிறேன்’ என்று அவர் வாயால் சொல்லவில்லை என்பதால் தொடர்ந்து ஆட விட்டார்கள் என்றும் சொல்வார்கள். அவர் அந்தப் போட்டியை வென்று 5,20,000 டாலர் பெற்றார். ‘ஒரு சில்லும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்’ என்று போக்கர் ஆடுபவர்கள் இன்றும் சொல்வது இதைக் குறித்துத்தான்.

கேள்வி (கும்பகோணம் வாசகி): யாராவது சில்லைத் திருடினால் அல்லது கள்ளச் சில்லு செய்தால் என்ன ஆகும்?

பதில்: இரண்டும் நடந்திருக்கின்றன. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று விடியற்காலையில், தலைக்கவசம் அணிந்த ஒருவன் லாஸ் வேகாஸின் பெலாஜியோ கசினோவுக்குள் துப்பாக்கியோடு நுழைந்து, 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளை அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தப்பினான். ஆனால் 25,000 டாலர் சில்லை யார் கொண்டுவந்து நீட்டினாலும் காசாளர் அவரை நிமிர்ந்து பார்ப்பார். கசினோ அந்தச் சில்லு வரிசையையே விலக்கிக்கொள்வதாக அறிவித்து, வைத்திருப்பவர்கள் 2011 ஏப்ரல் 22க்குள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. அந்த நாள் கடந்தால் அது வெறும் வில்லை. கெடு வருவதற்கு முன்பே, மாறுவேடத்தில் வந்த காவலரிடம் விற்க முயன்று அவன் அகப்பட்டான். பணத்தைத் திருடியிருந்தால் எந்த வங்கியும் நோட்டைச் செல்லாது என்று அறிவித்திருக்க முடியாது. சில்லில் அது முடிந்தது.

கள்ளச் சில்லு நிகழ்ச்சி 2014 ஜனவரியில், அட்லான்டிக் சிட்டியின் போர்கட்டா கசினோவில் நடந்தது. போட்டியில் ஆடிய ஒருவர் வெளியில் செய்த போட்டிச் சில்லுகளைத் தன் அடுக்கில் கலந்துவிட்டார். இன்னும் 27 பேர் மட்டுமே எஞ்சியிருந்த நேரத்தில் எண்ணிக்கை உதைத்து, போட்டி நிறுத்தப்பட்டது. அச்சத்தில் அவர் மிச்சச் சில்லுகளை அருகிலிருந்த வேறொரு விடுதி அறையின் கழிப்பறையில் போட்டு நீரை இழுத்துவிட, குழாய் அடைத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் நீர் ஒழுகியது. அடைப்பை எடுக்கப் போனவர்கள் கையில் சில்லுகள் வந்தன. அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. இவை மதிப்பற்ற போட்டிச் சில்லுகள் என்பதை நினைத்துப் பாருங்கள். மற்ற ஆட்டக்காரர்கள் நேர்மையாக ஆடிய பல நாள் உழைப்பு ஒருவரால் வீணாயிற்று. எனக்கு இதில் வருத்தம் தருவது அதுதான்.

இதனால் பெரிய மதிப்புள்ள சில்லுகளில் இப்போது புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் குறிகளையும், வானொலி அலையால் அடையாளம் சொல்லும் நுண்சில்லையும் வைக்கிறார்கள். மேசைக்கு அடியில் இருக்கும் கருவி அதன் எண்ணைப் படித்துவிடும். ஐரோப்பாவில் பெரிய தொகைக்கு வட்டச் சில்லுக்குப் பதிலாக நீள்சதுரப் பலகைகளைப் பயன்படுத்துவார்கள். அவற்றில் வரிசை எண்ணே பொறித்திருக்கும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகி): லாஸ் வேகாஸ் போய்வந்த என் மகன் 5 டாலர் சில்லு ஒன்றைச் சட்டைப்பையில் மறந்து கொண்டுவந்துவிட்டான். வேறெங்காவது மாற்ற முடியுமா? வைத்திருப்பது தவறா?

பதில்: வேறெங்கும் மாற்ற முடியாது. நெவாடா மாநில விதிப்படி, சில்லு என்பது கசினோ உங்களுக்குத் தர வேண்டிய கடனுக்கு அடையாளம். பொருள் என்ற அளவில் அது கசினோவுக்கே உரியது. ஆனாலும் ஒன்றிரண்டை நினைவுக்காக எடுத்துப் போவதை எந்தக் கசினோவும் தடுப்பதில்லை. செய்யும் செலவு ஒன்றிரண்டு டாலருக்குள் அடங்கும் சில்லை ஐந்து டாலர் கொடுத்து வாங்கிப் போய்த் திருப்பித் தராதவரால் அவர்களுக்கு இலாபம்தான். உங்கள் மகன் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு கசினோ மூடப்படும்போது, குறிப்பிட்ட நாளுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டு, திரும்பி வந்த சில்லுகளை அழித்துவிடுவார்கள். அதனால்தான் மூடிப்போன கசினோக்களின் சில்லுகளைச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள்.

லாஸ் வேகாஸின் பெருஞ்சாலைக்கு அருகே கார்டியன் ஏஞ்சல் பேராலயம் இருக்கிறது. அங்கே காணிக்கைத் தட்டில் சில்லுகளும் விழுகின்றன. அவற்றை கசினோ வாரியாகப் பிரித்து, உரிய இடத்தில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்கிறார்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு பணமில்லாமல் ஆட ஒரு பெட்டி வாங்கலாம் என்றிருக்கிறேன். ஆறு பேருக்கு எத்தனை சில்லு வேண்டும்? அழுக்கானால் கழுவலாமா?

பதில்: பணமில்லாமல் ஆடுவது என்று முதலிலேயே முடிவு செய்திருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். ஆளுக்கு ஐம்பது என்று 300 சில்லு போதும். ஒன்று மதிப்பில் இருபது, ஐந்தில் இருபது, இருபத்தைந்தில் பத்து என்று கொடுத்தால் ஒவ்வொருவர் கையிலும் 370 இருக்கும்; பிள்ளைகளுக்குக் கூட்டல் பெருக்கலும் வந்துவிடும். இரண்டு பழக்கங்களைத் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுங்கள். கட்டும் சில்லை நடுவில் இருக்கும் குவியலுக்குள் எறியாமல், தன் முன்னால் அடுக்காக வைக்க வேண்டும். எறிந்துவிட்டால் எத்தனை வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. மதிப்பு மிகுந்த சில்லை அடுக்கின் பின்னால் ஒளிக்காமல், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி முன்னால் வைக்க வேண்டும். பெரிய போட்டிகளிலும் இவை விதிகள்தான்.

கழுவலாம். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பிள்ளைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, உடனே நல்ல நீரில் அலசி எடுத்துவிடுங்கள். நடுவில் தாள் ஒட்டியிருக்கும் சில்லை ஊறவைத்தால் தாள் உப்பிவிடும். இரும்பு வைத்த சில்லில் இணைப்பு வழியாக நீர் புகுந்தால் உள்ளே துருப்பிடிக்கும். பழைய துண்டின்மேல் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, நிழலில் உலர விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபுறம் திருப்பிப் போடுங்கள். ஈரம் முழுவதும் போன பிறகே பெட்டியில் அடுக்குங்கள்.